ஒரு சொட்டும் சிந்தாமல் ஆயில் மாற்றலாம்

பைக்குக்கு ஆயில் மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு ஸ்பேனர், ஒரு பாத்திரம், ஒரு புனல், ஒரு புட்டி புது ஆயில் இருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். 100 சிசி வண்டிகள் பலவற்றில் கழற்றி மாட்ட வேண்டியதே ஒரு போல்ட்தான். அப்படியிருந்தும் வண்டியைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள்கூட இந்த வேலைக்கு மெக்கானிக்கைத் தேடிப் போகிறார்கள். வேலை கடினம் என்பதால் அல்ல, அது செய்யும் அசிங்கத்துக்குப் பயந்துதான். முழங்கைவரை வழியும் கறுப்பு, சைலன்சரில் விழுந்து புகையும் சொட்டு, வாசல் சிமென்ட் தரையில் மாதக்கணக்கில் போகாத கறை, கடைசியில் என்ன செய்வதென்று தெரியாமல் மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கிவிடும் பழைய ஆயில்.

இதில் எதுவும் தலைவிதி இல்லை. ஆயில் எந்த இடத்தில், எந்தக் கணத்தில், எதனால் கைமீறிப் போகிறது என்பதற்கெல்லாம் இயற்பியலில் விடை இருக்கிறது. அந்த விடைகளைத் தெரிந்துகொண்டால் விலையுயர்ந்த கருவி எதுவும் வாங்காமலே பாதிக்கு மேல் அழுக்கைத் தவிர்த்துவிடலாம். மீதியைத் தவிர்க்கச் சில நல்ல கருவிகளும் வந்திருக்கின்றன.

எஞ்சினுக்குள் நடப்பது

எஞ்சினுக்குள் ஆயில் செய்யும் முதல் வேலை, உலோகத்தை உலோகம் தொடவிடாமல் வைப்பது. இதைக் கண்டுபிடித்த கதையிலும் ஒரு சிந்தல் இருக்கிறது. 1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக போஷாம்ப் டவர் என்பவர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சைச் சுழலவிட்டதும் அந்தத் துளை வழியாக ஆயில் உள்ளே போகவில்லை, வெளியே பொங்கி வந்தது. தரை பாழாகாமல் இருக்கத் தக்கையை வைத்து அடைத்தார். தக்கை வெளியே வந்தது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார்; அதையும் ஆயில் மெல்லத் தள்ளி வெளியேற்றியது. கடைசியில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, பேரிங் தாங்கிய சராசரிச் சுமையைப்போல இருமடங்குக்கும் மேலான அழுத்தத்தை அது காட்டியது.

சுழலும் அச்சு ஆயிலைத் தன்னோடு இழுத்துப் போய்க் குறுகலான இடைவெளிக்குள் திணிக்கிறது. அந்தத் திணிப்பில் எழும் அழுத்தம் அச்சையே தூக்கி மிதக்கவைக்கிறது. டவர் 1883இல் அறிக்கை தந்தார். 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்கான கணிதத்தை எழுதினார். இன்று காரின் கிரான்க் ஷாஃப்ட் முதல் மின்நிலைய டர்பைன் வரை, இப்படி ஆயிலில் மிதக்கும் பேரிங்குகளின் வடிவமைப்புக்கு அந்தக் கணிதம்தான் அடிப்படை.

ஆயிலுக்கு இன்னும் சில வேலைகள் உண்டு. வெப்பத்தைச் சுமந்து வெளியேற்றுவது, துருவைத் தடுப்பது, அழுக்கைத் திரட்டாமல் தன்னுள் மிதக்கவைப்பது. கடைசியில் சொன்ன வேலையால்தான் ஆயில் கறுக்கிறது. பிஸ்டன் வளையங்களின் ஓரமாகக் கசிந்து கீழே இறங்கும் எரிந்த வாயுக்கள் கரித்துகளையும் அமிலத்தையும் கொண்டுவருகின்றன. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகும். பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விட்டாலும் கொஞ்சம் எஞ்சினுக்குள் இறங்கிவிடும். காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமே ஓடும் ஸ்கூட்டரில் எஞ்சின் சரியாகச் சூடேறாது. அந்த நீர் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலோடு கலந்துவிடும். ஓடிய கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் வண்டியின் கையேடு மாதக் கணக்கும் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே ஆயில் கறுத்துவிட்டதாலேயே கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. அழுக்கைப் பிடித்துவைக்கும் வேலையை அது செய்திருக்கிறது. ஆனால் அந்தக் கறுப்புதான் கையிலும் தரையிலும் ஒட்டிக்கொண்டு போக மறுக்கிறது.

சூடு எவ்வளவு வேண்டும்?

முதல் சிக்கல் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் போல்ட்டைக் கழற்றினால் ஆயில் மெதுவாக வடியும், அழுக்கின் ஒரு பகுதி அடியிலேயே தங்கிவிடும். நீண்ட தூரம் ஓட்டிவந்த கையோடு கழற்றினாலோ 90, 100 டிகிரிச் சூட்டில் இருக்கும் ஆயில் விரலில் விழும். கை தன்னிச்சையாக உதறும். போல்ட் பாத்திரத்துக்குள் போகும், பாத்திரம் கவிழும். பெரிய சிந்தல்களில் பல இந்த ஒரு நொடியில் நடப்பவை.

இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதை எண்களே காட்டிக்கொடுக்கும். பல பைக்குகளில் ஊற்றப்படும் 10டபிள்யூ-30 ஆயிலின் பாகுத்தன்மை 40 டிகிரி செல்சியஸில் சுமார் 70 சென்டிஸ்டோக். 100 டிகிரியில் அது 10 அல்லது 11தான். ஆனால் இந்தச் சரிவு ஒரே சீராக நடப்பதில்லை. 60 டிகிரியை எட்டும்போதே பாகுத்தன்மை பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. முதல் 20 டிகிரியில் கிடைக்கும் லாபமே பெரிது. அதற்கு மேல் சூடேற ஏற ஆயில் இளகும் வேகம் குறைந்துகொண்டே போகும், கையைச் சுடும் ஆபத்து மட்டும் கூடும்.

எனவே வண்டியைத் தெருமுனைவரை ஓட்டிவந்தோ ஐந்து நிமிடம் ஸ்டார்ட்டில் விட்டோ, பிறகு பத்து நிமிடம் நிறுத்திவைத்துவிட்டு வேலையைத் தொடங்கினால் போதும். எஞ்சின் உடலைத் தொட்டால் சூடு உறைக்க வேண்டும், ஆனால் கையை எடுக்கவைக்கக் கூடாது. காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் மேல்பகுதியில் ஒட்டியிருக்கும் ஆயிலும் கீழே இறங்கிவிடும்.

போல்ட், தாரை, பாத்திரம்

டிரெயின் போல்ட்டைக் கழற்றும்போது நடக்கும் தவறுகளில் மிகச் சாதாரணமானது, திசை குழம்புவது. போல்ட்டின் தலை தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேலிருந்து குனிந்து கையை நீட்டுபவருக்கு இடமும் வலமும் மாறித் தெரியும். கழற்றுவதாக நினைத்துக்கொண்டு இன்னும் இறுக்கி, அலுமினியக் கேஸில் உள்ள மரையைச் சிதைத்தவர்கள் ஏராளம். தரையில் படுத்து போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்த்தால் குழப்பமே இல்லை. கடிகார முள்ளுக்கு எதிர்த்திசைதான். ஸ்கூட்டர்களில் இன்னொரு பொறி இருக்கிறது. பின்சக்கரத்தின் அருகே கியர் ஆயிலுக்கென்று தனி போல்ட் உண்டு. அதை எஞ்சின் போல்ட் என்று நினைத்துக் கழற்றிவிட்டு, பழைய எஞ்சின் ஆயிலின் மேலேயே புது ஆயிலையும் ஊற்றிவிடுபவர்கள் உண்டு. கையேட்டில் உள்ள படத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஸ்பேனரால் ஒரு சுற்று தளர்த்திய பிறகு மீதியை விரலால் கழற்றலாம். அப்போது போல்ட்டை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே சுழற்ற வேண்டும். மரை முழுவதும் விட்டுப்போனாலும் விரலின் அழுத்தம் துளையை மூடியே வைத்திருக்கும். பிறகு கையைப் பக்கவாட்டில் சட்டென்று இழுத்துக்கொண்டால் தாரை விரலுக்கு வழிவிட்டுக் கீழே விழும். மேலே ஆயில் ஊற்றும் மூடியை அதுவரை திறக்காமல் இருப்பதும் ஒரு சிறு உபாயம். மூடி அடைத்திருந்தால் உள்ளே காற்று எளிதில் புகாது, முதல் பாய்ச்சல் கொஞ்சம் அடங்கி வரும். தாரை பாத்திரத்துக்குள் ஒழுங்காக விழத் தொடங்கியதும் மூடியைத் திறந்துவிடலாம்.

கார்களில் பாத்திரத்தை எங்கே வைப்பது என்பதே ஒரு கணக்கு. பல கார்களில், எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்பில், டிரெயின் போல்ட் பக்கவாட்டைப் பார்த்திருக்கும். துளைக்கு மேலே 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஆயில் நின்றால் அது நொடிக்கு 1.4 மீட்டர் வேகம்வரை பீய்ச்சிக்கொண்டு வெளியேறலாம். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் டாரிசெல்லி தந்த விதி இது. தரை 20 சென்டிமீட்டர் கீழே இருந்தால் விழுவதற்கு 0.2 நொடி ஆகும். அதற்குள் தாரை 28 சென்டிமீட்டர் தள்ளிப்போய்விடும். ஆயில் மட்டம் ஒரு சென்டிமீட்டருக்கு இறங்கியதும் அதே தாரை 9 சென்டிமீட்டர் தூரத்தில் விழும். ஆயிலின் பாகுத்தன்மையால் உண்மையில் தூரங்கள் இதைவிடக் குறையும், ஆனால் போக்கு இதுதான். துளைக்கு நேர் கீழே பாத்திரத்தை வைப்பவர் முதல் அரை லிட்டரைத் தரைக்குக் கொடுப்பார். தள்ளிவைத்துவிட்டு எழுந்து போகிறவர் கடைசி அரை லிட்டரைக் கொடுப்பார். அகலமான பாத்திரம் இரண்டையும் காப்பாற்றும். பைக்குகளில் பெரும்பாலும் போல்ட் அடியிலேயே இருப்பதால் தாரை நேராக விழும். அங்கே தொந்தரவு காற்றால்தான். கடைசியில் நூலாக மெலியும் தாரையை லேசான காற்றுகூட வளைத்துப் பாத்திரத்துக்கு வெளியே போட்டுவிடும். சுவர் ஓரமாக வண்டியை நிறுத்தினால் போதும்.

பழைய சமையல் எண்ணெய் கேனின் பக்கவாட்டை வெட்டி எடுத்தால் நல்ல பாத்திரம் தயார். அதன் வாயும் மூடியும் அப்படியே இருப்பதால் பிறகு அந்த வழியாகவே புட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். பாத்திரத்தின் மேல் ஒரு பழைய கம்பி வடிகட்டியை வைத்துவிட்டால் கைநழுவும் போல்ட்டைத் தேடி ஆயிலுக்குள் கைவிட வேண்டியதில்லை.

போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது வாஷரைக் கவனிக்க வேண்டும். செம்பு அல்லது அலுமினியத்தால் ஆன அந்த வளையம் வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்படுகிறது. இறுக்கும்போது நசுங்கி, இருபுறமும் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்களை அது நிரப்புகிறது. ஒருமுறை நசுங்கிய உலோகம் கெட்டிப்பட்டுவிடும். மறுமுறை அதே அளவு நசுங்காது. சில ரூபாய் வாஷரை மாற்றாமல் விட்டு, கசிகிறதே என்று போல்ட்டை மேலும் மேலும் முறுக்குவதால்தான் பல எஞ்சின்களில் மரை போகிறது.

எவ்வளவு இறுக்க வேண்டும்? சிறிய பைக்குகளின் கையேடுகள் பெரும்பாலும் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர்வரை சொல்கின்றன. 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 13 கிலோ எடையளவு அழுத்தினால் 25 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். அதே அழுத்தத்தை, பைப்பைச் செருகி 50 சென்டிமீட்டராக நீட்டிய ஸ்பேனரில் கொடுத்தால் முறுக்கு இரண்டரை மடங்காகிவிடும். போல்ட் எஃகு, கேஸ் அலுமினியம். தோற்பது எது என்பதில் சந்தேகமே இல்லை.

ஃபில்டர் வைத்திருக்கும் மிச்சம்

ஹோண்டாவின் பழைய 100 சிசி வடிவமைப்பிலிருந்து வந்த எஞ்சின்களில் கழற்றி எறியும் காகித ஃபில்டர் கிடையாது. கிரான்க் ஷாஃப்ட்டின் முனையில் சுழலும் ஒரு கிண்ணம், மையவிலக்கு விசையால் கனமான துகள்களை ஓரத்துக்கு ஒதுக்கிவிடுகிறது. கூடவே ஒரு கம்பிவலை இருக்கும். அவ்வளவுதான். இந்த வண்டிகளில் ஆயில் மாற்றுவது இவ்வளவு எளிதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

கார்களில் கதை வேறு. டப்பா வடிவ ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் தடுப்பிதழ் இருக்கிறது. எஞ்சினை நிறுத்திய பிறகு ஆயில் வடிந்துவிடாமல் காத்து, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தவுடன் பேரிங்குகளுக்கு ஆயில் கிடைக்கச் செய்வது அதன் வேலை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சம்ப் முழுவதும் வடிந்த பிறகும் ஃபில்டர் நிறைய ஆயிலோடு இருக்கும். கழற்றத் தொடங்கியதும் அது விளிம்பு வழியாகக் கசிந்து, டப்பாவின் உடலில் வழிந்து, முழங்கைக்கு இறங்கும்.

இதற்கான மிக மலிவான தீர்வு ஒரு தடித்த பிளாஸ்டிக் பை. ஃபில்டரைக் கால் சுற்று தளர்த்தியதும் பையை அதன்மேல் மாட்டி, பைக்கு வெளியிலிருந்தபடியே கழற்றினால் ஃபில்டரும் ஆயிலும் ஒன்றாகப் பைக்குள் விழும். ஃபில்டருக்கு அடியில் சைலன்சர் குழாயோ குறுக்குச் சட்டமோ இருந்தால் சமையலறை அலுமினியத் தாளை இரண்டு மூன்று மடிப்பாக்கி வாய்க்கால் போல வளைத்து வைக்கலாம். வளைத்த வடிவத்திலேயே நிற்கும் என்பதால் இந்த வேலைக்குத் துணியைவிட அதுவே மேல்.

புது ஃபில்டரை மாட்டும் முன் பழையதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பார்த்தாக வேண்டும். அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்து, அதன்மேல் புது வளையமும் அமர்ந்துவிட்டால், ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களில் அழுத்தம் தாங்காமல் ஆயில் முழுவதும் சாலைக்கு வந்துவிடும். புது வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, அது எஞ்சினைத் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று இறுக்கினால் போதும் என்பது பெரும்பாலான தயாரிப்பாளர்களின் வழிகாட்டல்.

சில நிறுவனங்கள் இந்தச் சிக்கலை வடிவமைப்பிலேயே தீர்த்திருக்கின்றன. சுபாருவின் எஃப்பி வகை எஞ்சின்களில் ஃபில்டர் எஞ்சினின் உச்சியில், நிமிர்ந்த நிலையில் இருக்கிறது. வழிவதைப் பிடிக்கச் சுற்றிலும் ஒரு கிண்ணமும் உண்டு. பானட்டைத் திறந்து நின்றபடியே மாற்றிவிடலாம்.

புட்டியின் வாய் எந்தப் பக்கம்?

புது ஆயில் தேன் நிறத்தில் சுத்தமாக இருப்பதால் அதை ஊற்றும்போது கவனம் குறைந்துவிடுகிறது. தட்டையான ஆயில் புட்டிகளின் வாய் நடுவில் இல்லாமல் ஓர் ஓரமாக இருக்கும். அந்த ஓரம் கீழே இருக்கும்படி சாய்ப்பதுதான் இயல்பான பழக்கம். அப்போது வாய் முழுவதையும் ஆயிலே அடைத்துக்கொள்ளும். வெளியேறிய ஆயிலின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போயாக வேண்டும். அது ஆயிலை முட்டிக்கொண்டு குமிழாக ஏறும். கபக் கபக் என்ற துள்ளலும் எஞ்சின் மேல் தெறிக்கும் சொட்டும் அதன் விளைவுகள். வாய் இருக்கும் ஓரம் மேலே இருக்கும்படி புட்டியைப் பிடித்துச் சாய்த்தால் கீழ்ப்பாதியில் ஆயில் வெளியேற, மேல்பாதியில் காற்று உள்ளே போகும். தாரை அசையாமல் விழும்.

இன்னொன்று விளிம்பில் வழிவது. டம்ளரிலிருந்து டபராவுக்குக் காபியைத் தயங்கித் தயங்கி ஊற்றினால் டம்ளரின் அடிவரை வழிந்து மேசையில் விழுமே, அதே நிகழ்வு. இஸ்ரேலிய அறிஞர் மார்க்கஸ் ரெய்னர் 1956இல் இதற்குத் தேநீர்க் கெண்டி விளைவு என்று பெயரிட்டார். மறுவருடம் அமெரிக்கக் கணிதவியலர் ஜோசப் கெல்லர் காரணத்தின் ஒரு பகுதியை விளக்கினார். விளிம்பை வளைந்து கடக்கும் திரவத்தின் உட்புறத்தில் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று அதைப் பாத்திரத்தின் உடலோடு சேர்த்து அழுத்துகிறது. கெண்டியின் மூக்கைப் பற்றிய ஆய்வுக்காக 1999இல் அவருக்கு இக் நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது. பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு, விளிம்பின் மேற்பரப்பு திரவத்தோடு எவ்வளவு ஒட்டுகிறது என்பதும் முக்கியம் என்று காட்டியது.

ஆயில் எந்தப் பிளாஸ்டிக்கோடும் நன்றாக ஒட்டும். அதனால் தயங்கி ஊற்றினால் வழிந்தே தீரும். விளிம்பு கூர்மையாக இருந்து, தொடக்கத்தில் ஒரே வீச்சாகச் சாய்த்தால் தாரை விட்டு விலகும். நிறுத்தும்போதும் அப்படியே சட்டென்று நிமிர்த்த வேண்டும். இவ்வளவு நுணுக்கம் வேண்டாம் என்பவருக்கு இருக்கவே இருக்கிறது நீண்ட கழுத்துப் புனல்.

எந்த ஆயில் என்பதிலும் ஒரு வார்த்தை. கியர் பைக்குகளில் எஞ்சினும் கியரும் கிளட்சும் ஒரே ஆயிலில் நனைகின்றன. ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் கிளட்ச் நழுவும். இதற்காகவே ஜப்பானிய ஜாசோ தரத்தில் கியர் பைக்குகளுக்கு எம்ஏ, ஸ்கூட்டர்களுக்கு எம்பி என்று தனித்தனி வகைகள் இருக்கின்றன. காருக்கு வாங்கி மீந்ததைப் பைக்கில் ஊற்றும் சிக்கனம் கிளட்ச் தகடுகளில் செலவு வைக்கலாம்.

அளவு பார்ப்பதிலும் ஒழுங்கு வேண்டும். வண்டி சமதளத்தில் மெயின் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். ஹோண்டா, ஹீரோ வண்டிகள் பலவற்றில் டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு, திருகாமல் வெறுமனே உள்ளே வைத்து எடுத்துப் பார்க்கச் சொல்கிறது கையேடு. திருகிப் பார்த்தால் குச்சி ஆழமாக இறங்கி, உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் நல்லதல்ல. சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும், நுரையால் டவர் கண்ட அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாது.

போல்ட்டே வேண்டாம் என்றால்

காரை ஜாக்கியில் தூக்கி அடியில் நுழைவதுதான் இந்த வேலையின் ஆபத்தான பகுதி. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. தாங்கு ஸ்டாண்டுகள் கட்டாயம். அடியில் போகவே வேண்டாம் என்ற நோக்கத்தில் வந்தது ஆயில் உறிஞ்சும் பம்ப். டிப்ஸ்டிக் போகும் குழாய் வழியாக மெல்லிய குழாயை இறக்கி, கைப்பம்பால் கலனுக்குள் உள்ள காற்றை வெளியேற்றினால், வெளிக்காற்றின் அழுத்தம் ஆயிலை மேலே தள்ளிக் கலனுக்குள் சேர்த்துவிடும். அடியில் பாத்திரம் வைக்கவே இடமில்லாத படகு எஞ்சின்களில் இது நெடுநாளாகப் புழங்கும் முறை. கையில் ஒரு சொட்டும் படாது.

இதில் குழாயின் உள்விட்டம் முக்கியம். ஒரே நீளத்தில், ஒரே அழுத்தத்தில் ஓடும் பாகான திரவத்தின் அளவு விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. 6 மில்லிமீட்டர் குழாயைவிட 8 மில்லிமீட்டர் குழாய் மூன்று மடங்குக்கும் மேலாக இழுக்கும். ஆயில் வெதுவெதுப்பாக இருக்க வேண்டிய அவசியம் இங்கே இன்னும் அதிகம். குழாய் முனை சம்பின் ஆழமான இடத்தைத் தொடாவிட்டால் கொஞ்சம் பழைய ஆயில் தங்கிவிடும் என்பது இம்முறையின் குறை.

இன்னொரு வழி, டிரெயின் போல்ட்டையே எடுத்துவிட்டு அங்கே சிறிய வால்வைப் பொருத்துவது. ஜப்பானின் ஃபுமோட்டோ வால்வு இவற்றில் பெயர்பெற்றது. உள்ளே துளையிட்ட ஒரு குண்டு, வெளியே ஒரு நெம்புகோல். நெம்பைத் திருப்பினால் துளை வழிக்கு நேராக வந்து ஆயில் இறங்கும். முனையில் ரப்பர் குழாய் மாட்டிவிட்டால் நேரே கேனுக்குள் போகும். ஸ்பேனரும் வாஷரும் வேண்டாம், மரை தேயும் பேச்சும் இல்லை. ஆனால் போல்ட்டைவிட இது கீழே நீட்டிக்கொண்டிருக்கும். உயரமான வேகத்தடைகள் உள்ள ஊரில் தாழ்ந்த கார்களுக்கு மாட்டும் முன் இடைவெளியை அளந்து பார்க்க வேண்டும்.

இந்த யோசனையின் உச்சத்தைக் காஸ்ட்ரால் நிறுவனம் 2015இல் காட்டியது. நெக்ஸெல் என்ற அந்த ஏற்பாட்டில் ஆயிலும் ஃபில்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதைச் செருக 90 நொடி போதும் என்றது நிறுவனம். ஆஸ்டன் மார்ட்டின் வல்கன் என்ற பந்தயத்தடக் காரில் அது பொருத்தப்பட்டது. சாதாரணக் கார்களுக்கு அது பரவவில்லை.

கையும் தரையும்

பழைய எஞ்சின் ஆயிலைத் தோலில் தொடர்ந்து தடவிய எலிகளுக்குப் புற்றுநோய் வந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எப்போதோ ஒருமுறை படுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்றாலும் கையுறை போடுவதே முறை. அதிலும் வகை பார்க்க வேண்டும். சாதாரண ரப்பர் கையுறை பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பி நைந்துவிடும். நைட்ரைல் கையுறையின் மூலக்கூறுகளில் எண்ணெயோடு சேராத பகுதிகள் இருப்பதால் அது தாங்கும்.

கை கறுத்துவிட்டால் பெட்ரோலில் கழுவுவது பட்டறைகளில் நெடுநாள் பழக்கம். அழுக்கோடு தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையையும் அது கரைத்துக்கொண்டு போய்விடும். பக்கத்தில் சூடான எஞ்சின் வேறு. அதைவிடத் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, கறுப்பு இளகியதும் துணியால் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டால் கை வெளுத்துவிடும். எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும்.

துடைப்பதற்குத் திருப்பூர்ப் பனியன் வேஸ்ட்டை மிஞ்சியது இல்லை. பின்னல் துணியில் இழைகளுக்கிடையே உள்ள எண்ணற்ற நுண்வழிகள் ஆயிலை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கின்றன. தரையில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுவதுதான் மிகப்பெரிய தவறு. ஆயில் மிதந்து பரவி இன்னும் பெரிய கறையாகும். சிமென்ட் தரையும் நுண்துளைகளால் ஆனது, நேரமாக ஆக ஆயில் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். மரத்தூளைத் தூவி, காலால் நன்றாகத் தேய்த்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டுப் பெருக்கி எடுத்த பிறகே சோப்புத்தூளும் பிரஷ்ஷும். வேலை தொடங்கும் முன்பே ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவிட்டால் இந்தப் பாடே வேண்டாம்.

பழைய ஆயில் போகும் இடம்

100, 125 சிசி பைக்குகள் பெரும்பாலானவற்றுக்கு ஒரு லிட்டருக்குள் ஆயில் போதும். புட்டிகளும் 800 மில்லி, 900 மில்லி என்ற அளவுகளில் வருகின்றன. அதனால் வெளியே வந்த பழைய ஆயில், புது ஆயில் வந்த அதே புட்டிக்குள் அடங்கிவிடும். தனிப் பாத்திரம் தேட வேண்டியதில்லை. தண்ணீர்ப் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ மட்டும் ஊற்றவே கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது விபரீதம். புட்டியின் லேபிளைக் கத்தியால் கீறிவிடுவதும் நல்லது. பெயர்பெற்ற நிறுவனங்களின் காலிப் புட்டிகளைத் தேடி வாங்கிப் போலி ஆயிலை நிரப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

சாக்கடையில் ஊற்றினால் என்ன ஆகும்? ஒருமுறை மாற்றிய ஆயில் 10 லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எச்சரிக்கை. அங்கே வீட்டிலேயே ஆயில் மாற்றும் வழக்கம் பரவலானது. உதிரிபாகக் கடைகள் பலவும் பழைய ஆயிலைத் திரும்ப வாங்கி வைக்கின்றன. நம் ஊரில் பட்டறைப் பீப்பாய்களில் சேரும் ஆயிலின் ஒரு பகுதி கட்டட வேலைக்குப் போகிறது. கான்கிரீட் ஒட்டாமல் இருக்கச் சென்ட்ரிங் பலகைகளில் அதைத் தடவுகிறார்கள். இன்னொரு பகுதி அடுப்புகளில் எரிகிறது. எரிந்தால் அதிலுள்ள உலோகத் துகள்கள் புகையோடு காற்றில் கலக்கும், பலகையில் தடவியது மழையில் கரைந்து மண்ணுக்குப் போகும்.

ஆயில் தேய்ந்து தீர்வதில்லை, அழுக்கேறுகிறது, அவ்வளவே. நீரைப் பிரித்து, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, ஹைட்ரஜனால் சுத்திகரித்தால் மறுபடியும் அடிப்படை ஆயில் கிடைக்கும். ஒரு கேலன் பழைய ஆயிலிலிருந்து எடுக்கும் உயவு எண்ணெயைக் கச்சா எண்ணெயிலிருந்து எடுப்பதானால் 42 கேலன், அதாவது ஒரு முழுப் பீப்பாய் தேவைப்படும் என்று அதே முகமை கணக்குச் சொல்கிறது. ஆனால் பழைய ஆயிலோடு பெட்ரோலோ தின்னரோ கூலண்ட்டோ கலந்துவிட்டால் மறுசுத்திகரிப்பு வெகுவாகச் சிக்கலாகிவிடும். போல்ட்டையும் ஸ்பேனரையும் பெட்ரோலில் கழுவி, அந்தப் பெட்ரோலையும் அதே புட்டியில் ஊற்றிவிடும் பழக்கத்தை அதனால்தான் விட வேண்டும்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பழைய ஆயிலை அபாயகரக் கழிவாக வகைப்படுத்துகின்றன. 2023இல் வந்த திருத்தம், ஆயில் தயாரித்து விற்கும் நிறுவனங்களே பழைய ஆயிலின் மறுசுழற்சிக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்றது. 2024 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. வீட்டில் மாற்றுபவரின் கையில் இருக்கும் 900 மில்லி அந்தச் சங்கிலியில் சேர்வதற்கு இப்போதைக்கு எளிய வழி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கு ஆயில் அனுப்பும் சர்வீஸ் சென்டரோ பட்டறையோதான். பீப்பாய் வைத்திருக்கிறார்களா, அதை யார் வந்து எடுக்கிறார்கள், வெளியாள் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வார்களா என்று ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே கேட்டுவைத்துக்கொண்டால், மாடிப்படிக்குக் கீழே டப்பா சேராது.